செர்வர் ஏன் விழுந்தது? கோர் டம்ப்பைத் திறந்து பார்ப்போம்

“அக்கா, மறுபடியும் விழுந்துருச்சி. ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், இப்ப ஓடுது.”

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, விடியற்காலை இரண்டே காலுக்கு வாட்சாப்பில் வந்த செய்தி. அனுப்பியவர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி. பினாங்கில் உள்ள சிறு தங்கும் விடுதிகளுக்கு அறை முன்பதிவு செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். லினக்ஸ் செர்வர், அதில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் நிரல். எல்லோரும் வைத்திருப்பது போன்ற சாதாரண அமைப்பு. மூன்று வாரமாக அது சில இரவு விழும், சில இரவு விழாது. விழுந்தால் தம்பி எழுந்து ரீஸ்டார்ட் செய்வார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும், காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வாரம் மட்டும் தினமும் விழ ஆரம்பித்தது. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஆட்கள் வந்து இறங்கும் வாரம். எந்த விடுதியிலும் அறை காலி இருக்காது.

ரீஸ்டார்ட் செய்தது தப்பே இல்லை. வாடிக்கையாளருக்குச் சேவை ஓட வேண்டும். ஆனால் அந்த மூன்று வாரமும் நாங்கள் செய்தது, வாசலில் மயங்கி விழுந்தவரைத் தண்ணீர் தெளித்து எழுப்பி, ஏன் விழுந்தீர்கள் என்று கேட்காமலே அனுப்பிவைத்த மாதிரி. செர்வர் விழுந்த கணத்தில் அதன் மெமரியில் என்ன இருந்தது, எந்த வேலையின் நடுவில் இருந்தது என்பதெல்லாம் அதோடு போய்விடும். அதைப் போகவிடாமல் ஒரு கோப்பில் எழுதி வைப்பதற்குத்தான் கோர் டம்ப் என்று பெயர். சி மொழியில் ஒரு வரி எழுதியிருக்காதவர்களும் அந்தக் கோப்பைத் திறந்து பயனுள்ள விஷயம் எடுக்க முடியும். டேட்டாபேஸை உருவாக்கியவர்களுக்கு இது தெரிந்ததுதான். அதைத் தினமும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கணக்கப்பிள்ளையின் மேசை

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய மொத்த வியாபாரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை. முதலாளி “இந்த மாசப் பாக்கி எவ்வளவு?” என்று கேட்கிறார். கணக்கப்பிள்ளை ஒரு துண்டுச்சீட்டில் அதைக் குறித்துக்கொண்டு கூட்ட ஆரம்பிக்கிறார். நடுவில் ஒரு பில் புரியவில்லை. இன்னொரு சீட்டில் “பில் 42ஐச் சரிபார்க்கணும், முடிஞ்சதும் கூட்டலுக்குத் திரும்பணும்” என்று எழுதி முதல் சீட்டின் மேல் வைக்கிறார். அந்த பில்லுக்கு ஒரு பழைய விலைப்பட்டியல் வேண்டும். அதற்கு மூன்றாவது சீட்டு, இரண்டாவதின் மேல். ஒவ்வொரு வேலையும் முடிய முடிய மேல் சீட்டைக் கிழித்துப்போட்டு, அடியில் உள்ள சீட்டுக்குத் திரும்புவார்.

கணினியில் ஓடும் எந்த நிரலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு ஃபங்ஷன் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதி) இன்னொன்றை அழைக்கும்போது, முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற சீட்டு மேலே மேலே அடுக்கப்படும். அந்த அடுக்குக்குப் பெயர் ஸ்டாக்.

மூன்றாவது சீட்டில், “பின்னறையில் 900ஆவது அலமாரியைத் திற” என்று இருக்கிறது. அந்த அறையில் மொத்தமே 20 அலமாரிதான். நிரல் இப்படித் தனக்குச் சொந்தமில்லாத ஒரு மெமரி முகவரியைத் தொடப் போனால், இயங்குதளம் அதை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. லினக்ஸில் இதற்கு 11ஆம் எண் சிக்னல் போகும். சிக்னல் என்பது ஓடும் நிரலுக்கு அனுப்பப்படும், எண்ணிட்ட ஓர் அறிவிப்பு. செக்மென்டேஷன் ஃபால்ட் என்பது இதுதான். வழக்கமாக அதோடு கதை முடியும். கணக்கப்பிள்ளை வெளியே, மேசை துடைக்கப்பட்டு, அடுத்த நாள் புது ஆள். கோர் டம்ப் போடச் சொல்லியிருந்தால், மேசையைத் துடைக்கும் முன் அதை அப்படியே நகல் எடுத்து வைத்துவிடுவார்கள். சீட்டு அடுக்கு, திறந்திருந்த பேரேடு, பாதியில் நின்ற வரி, எல்லாம் அந்த நகலில் இருக்கும். பிறகு நிதானமாக உட்கார்ந்து மேல் சீட்டிலிருந்து கீழ் நோக்கிப் படிக்கலாம். அப்படிப் படிப்பதைத்தான் பேக்டிரேஸ் என்கிறோம்.

கோர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தம்பி கேட்டார். 1950களிலும் 60களிலும் கணினியின் மெமரி என்பது சில்லுகளில் இல்லை. கடுகு போன்ற சின்னஞ்சிறு காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் வலைபோலக் கோத்திருப்பார்கள். ஒரு வளையம் ஒரு பிட். அந்த வளையத்துக்குத்தான் கோர் என்று பெயர். மின்சாரம் போனாலும் வளையத்தில் இருந்தது அழியாது. நிரல் விழுந்தால் வளையங்களில் இருந்ததை அப்படியே தாளில் அச்சடித்துக் கொட்டுவார்கள். கோர் டம்ப். அந்த வளையங்களைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லு, 1,024 பிட்களை ஒரே துண்டில் வைத்தது. காந்த வளையங்களின் காலம் முடிய ஆரம்பித்தது அதோடுதான். இரண்டே வருடத்தில், 1972இல், அதே இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அசெம்பிளி தொழிற்சாலையைத் திறந்த இடம் நம்ம பினாங்கின் பாயான் லெப்பாஸ். என் அம்மா எண்பதுகளில் அந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட்டுக்குப் போனவர். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. கோர் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்குக் கம்பி கோத்த அந்தப் பெண்களும் அம்மாவும் சேர்ந்தே ஞாபகம் வருவார்கள்.

முதலில் லாக்கைப் பாருங்கள்

கோர் கோப்பைத் தேடும் முன் டேட்டாபேஸின் எரர் லாக்கைத் திறக்க வேண்டும். அதில் செர்வர் எந்த எண் சிக்னலால் விழுந்தது என்று இருக்கும். அந்த ஒரு எண், நீங்கள் அடுத்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை முடிவு செய்துவிடும்.

11 என்றால் மேலே சொன்ன கதை, தொடக்கூடாத மெமரியைத் தொட்டது. 7 என்றால், மெமரியோடு இணைத்து வைத்த கோப்பு இடையில் சுருங்கிப் போனது, அல்லது டிஸ்க்கில் கோளாறு என்று யோசிக்கலாம். 6 என்றால் செர்வர் தானாகவே தன்னை நிறுத்திக்கொண்டது. இது புதிதாக வருபவர்களைக் குழப்பும். டேட்டாபேஸ் எழுதியவர்கள் நிரலுக்குள் இடையிடையே “இது இப்படித்தான் இருக்கணும்” என்று சோதனைகள் வைத்திருப்பார்கள். ஒன்று பொய்த்துப்போனால், தவறான தரவை எழுதித் தொலைப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று அது நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் இன்னோடிபி பகுதி, உள்ளே ஒரு பூட்டுக்காக 600 விநாடிக்கு மேல் காத்துக்கிடந்தால், செர்வர் தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி வேண்டுமென்றே விழும். அதை லாக்கிலும் தெளிவாக எழுதிவைக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் விழுந்த த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) குற்றவாளியாக இருக்காது. பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்த இன்னொரு த்ரெட்டைத் தேட வேண்டும்.

9 என்றால் கோர் கோப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வராது. 9ஆம் சிக்னல் எந்த நகலுக்கும் இடம் கொடுக்காமல் உடனே கொல்வது. யாராவது கையால் கொன்றிருக்கலாம். பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய், லினக்ஸின் மையமான கர்னலே பெரிய புரோசஸாக (ஓடிக்கொண்டிருக்கும் நிரலாக) பார்த்துக் கொன்றிருக்கும். செர்வரில் பெரிய புரோசஸ் எது? டேட்டாபேஸ்தான். செத்தவருக்கு என்ன நடந்தது என்று தெரியாததால் டேட்டாபேஸ் லாக்கில் ஒரு வரிகூட இருக்காது, திடீரென்று புதிதாக ஸ்டார்ட் ஆன செய்தி மட்டும் இருக்கும். கர்னலின் சொந்த லாக்கில், அதாவது டிமெசேஜ் கட்டளை காட்டுவதில், மெமரி தீர்ந்து இன்ன புரோசஸைக் கொன்றேன் என்று வரி இருக்கும். “காரணமே இல்லாமல் விழுகிறது” என்று என்னிடம் வரும் செர்வர்களில் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். அதற்கு மருந்து மெமரி அமைப்புகளைக் குறைப்பது, அல்லது மெமரி கூட்டுவது.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம். மைஎஸ்க்யூஎல் ஒரே புரோசஸ், உள்ளே ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிப் புரோசஸ். ஒன்று 11ஆம் சிக்னலில் விழுந்தால், பொதுவாகப் பயன்படுத்தும் மெமரியை அது கெடுத்திருக்கக்கூடும் என்பதால், தாய்ப் புரோசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டு மீட்பு வேலையைத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மொத்த செர்வரும் விழுந்தது போலத் தெரியும். லாக்கில் எந்தப் புரோசஸ் எண், எந்த சிக்னல், விழும்போது எந்த குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட எந்தக் கேள்வியை, ஓட்டிக்கொண்டிருந்தது என்பது வரை எழுதியிருக்கும்.

எங்கள் லாக்கில் 11. அதன் கீழே மைஎஸ்க்யூஎல் தானே அச்சடித்த ஒரு சிறு பேக்டிரேஸும், ஓடிக்கொண்டிருந்த குவெரியும் இருந்தன. மூன்று வாரமாக அங்கேயே இருந்திருக்கின்றன. யாரும் மேலே உருட்டிப் பார்க்கவில்லை. குவெரி, தினமும் இரவு ஓடும் தங்குநர் அறிக்கை. ஆனால் அந்த அறிக்கை பல இரவு விழாமலும் ஓடியிருக்கிறதே? அதற்கு லாக்கில் பதில் இல்லை. கோர் வேண்டும்.

கோர் கோப்பு ஏன் வரவில்லை

தேடினோம், கோப்பு இல்லை. இல்லாததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருப்பதால், இங்கேதான் முதல்முறை முயல்பவர்கள் சோர்ந்துபோகிறார்கள்.

கோர் கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு புரோசஸுக்கும் ஒரு வரம்பு உண்டு. பல இடங்களில் அது பூஜ்யம். கட்டளைகளை அடிக்கும் ஷெல்லில் யூலிமிட் கட்டளை அதைக் காட்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி வழியாக ஓடும் செர்வருக்கு, அதன் யூனிட் கோப்பில் கோர் வரம்பை எல்லையில்லை என்று எழுத வேண்டும். ஷெல்லில் மாற்றினால் சிஸ்டம்டிக்குத் தெரியாது. அடுத்து, மைஎஸ்க்யூஎல் தன் அமைப்புக் கோப்பில் கோர்-ஃபைல் என்ற ஒரு வரி இருந்தால்தான் கோர் எழுத விடும். இல்லையென்றால் லாக்கில் பேக்டிரேஸ் அச்சடித்துவிட்டு அமைதியாக வெளியேறும். மூன்றாவதாக, ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, தொடங்கிப் பிறகு வேறு பயனராக மாறும் புரோசஸ்களுக்கு, உள்ளே ரகசியம் இருக்கலாம் என்று கர்னலே கோர் எழுத மறுக்கும். அதற்கு சூயிட்-டம்பபிள் என்று தனி அமைப்பு இருக்கிறது.

கோப்பு வந்தாலும் எங்கே வந்தது என்று தெரிய வேண்டும். கர்னலில் கோர்-பேட்டர்ன் என்ற ஒரு அமைப்பு அதைச் சொல்லும். அதில் வெறும் கோப்புப் பெயர் இருந்தால், புரோசஸ் நின்ற அடைவில் விழும். மைஎஸ்க்யூஎல்லுக்கு அது பெரும்பாலும் தரவு அடைவே. அந்த வரி செங்குத்துக் கோட்டில் தொடங்கினால், கோர் ஒரு நிரலுக்கு அனுப்பப்படுகிறது என்று அர்த்தம். இப்போது பல லினக்ஸ்களில் சிஸ்டம்டியின் கோர்டம்ப் சேவை அதை வாங்கி, சுருக்கி, தன் அடைவில் வைக்கும். கோர்டம்ப்சிடிஎல் கட்டளையில் லிஸ்ட் என்று கேட்டால் பட்டியல் வரும். சில நாள் கழித்துத் தானே அழித்தும்விடும், அதனால் வந்ததும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உபுன்டுவில் அப்போர்ட் என்ற இன்னொரு நிரல் அதே இடத்தில் நிற்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் (இயந்திரத்துக்குள் தனியாகப் பிரித்து வைத்த ஓர் இடம்) டேட்டாபேஸ் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்-பேட்டர்ன் கன்டெய்னருக்குத் தனியாகக் கிடையாது, வெளியே இருக்கும் இயந்திரத்துடையதுதான் உள்ளேயும் செல்லும்.

இன்னொரு கவலை, அளவு. டேட்டாபேஸ் என்பது மெமரியைத் தின்று வாழ்வது. எங்கள் செர்வரில் 16 ஜிபி மெமரி, அதில் 10 ஜிபி இன்னோடிபியின் பஃபர் பூல், அதாவது டிஸ்க்கிலிருந்து எடுத்துவந்து கையருகே வைத்திருக்கும் தரவுப் பக்கங்கள். அவ்வளவையும் எழுதினால் டிஸ்க் நிரம்பிவிடும். தரவு அடைவு இருக்கும் டிஸ்க்கே நிரம்பினால், நோயைவிட மருந்து மோசம். எழுதி முடிக்கும் வரை செர்வர் திரும்ப எழவும் முடியாது. மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல், பஃபர் பூலைக் கோரில் சேர்க்காதே என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. விழுந்த காரணத்தைத் தேட ஸ்டாக்கும் அதைச் சுற்றியுள்ளதும் போதும், பூல் அநேகமாகத் தேவைப்படாது. பூல் கோரில் சேராதபடி வைத்தோம், கோர் விழும் இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம், அன்று மத்தியானம் முன்பதிவு குறைவாக இருந்த நேரம் பார்த்து ஒரு ரீஸ்டார்ட். அன்று இரவு செர்வர் வழக்கம்போல விழுந்தது. ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. செர்வர் விழுந்ததற்காக நான் மகிழ்ந்த ஒரே இரவு அதுதான்.

சீட்டுகளைப் படிப்பது

கோர் கோப்பைத் திறக்க ஜிடிபி என்ற டிபக்கர் (நிரலின் பிழையைத் தேட உதவும் கருவி) போதும். அதற்கு இரண்டு பொருள் கொடுக்க வேண்டும்: விழுந்த நிரலின் கோப்பு, கோர் கோப்பு. நிரல் என்றால் விழுந்த அதே நிரல். ஒரு சிறு வெர்ஷன் வித்தியாசம்கூட இருக்கக்கூடாது. கோரில் இருப்பது வெறும் முகவரிகள். அவற்றுக்குப் பெயர் சூட்டுவது நிரல் கோப்புதான். இரவில் தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருக்கும் செர்வரில், விழுந்ததற்கும் நீங்கள் திறப்பதற்கும் இடையில் மைஎஸ்க்யூஎல் புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஜிடிபி காட்டுவதெல்லாம் அபத்தமாக இருக்கும். பழைய வீட்டின் சாவியை எடுத்துக்கொண்டு புது வீட்டுக் கதவைத் திறக்கும் கதை.

அதோடு டிபக் சிம்பல்கள். பயனர்களுக்கு வெளியிடும் நிரலில் ஃபங்ஷன் பெயர்களும் வரி எண்களும் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அவை தனிப் பொதியாகக் கிடைக்கும், அதையும் அதே வெர்ஷனில் நிறுவ வேண்டும். இல்லாமல் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி நிற்கும்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஜிடிபியில் பிடி என்று இரண்டே எழுத்து அடித்தேன். பேக்டிரேஸ் வந்தது. மேலே பூஜ்யம் எண்ணிட்ட வரி, அதன் கீழே 1, 2 என்று இறங்கிக்கொண்டே போகும்.

தம்பி முதல் வரியைக் காட்டினார். “அக்கா, பிதிரெட் கில். யாரோ த்ரெட்டைக் கொன்னுட்டாங்க போல.”

எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது. சிக்னல் வந்ததும் மைஎஸ்க்யூஎல் தன் சொந்த ஃபங்ஷன் ஒன்றில் நுழைந்து, லாக்கில் எழுதி, பிறகு தன்னைத்தானே கொன்று கோரை எழுத வைக்கிறது. மேலே இருக்கும் சில சீட்டுகள் அந்த இறுதிக் காரியத்துக்கானவை. எந்த விபத்தானாலும் அவை அப்படியேதான் இருக்கும். சிக்னல் ஹேண்ட்லர் அழைக்கப்பட்டது என்று கோணக்குறிகளுக்குள் ஒரு வரி வரும். அதைத் தேடிப் பிடித்து, அதற்கு அடுத்த வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

எங்களுக்கு அந்த அடுத்த வரி, எஸ்டிஆர்லென். சி மொழியில் ஒரு சொல்லின் நீளத்தை எண்ணும் சாதாரண ஃபங்ஷன். உலகத்தில் எல்லோரும் பயன்படுத்துவது, அது தானாக விழாது. அதன் கையில் யாரோ தவறான எதையோ கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழ் வரியில் இரண்டு கேள்விக்குறி, பக்கத்தில் ஒரு லைப்ரரி கோப்பின் பெயர். மைஎஸ்க்யூஎல்லோடு வந்த கோப்பு இல்லை அது. பிளகின் அடைவில் யாரோ கொண்டுவந்து வைத்தது. அதற்கும் கீழே யூடிஎஃப் ஹேண்ட்லர் என்ற பெயர். பிறகு அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் கணக்கிட்டு அனுப்பும் ஃபங்ஷன்கள், குவெரியை வாங்கிப் பிரிக்கும் டிஸ்பாட்ச் கமாண்ட், கடைசியில் த்ரெட் தொடங்கிய இடம்.

இதைக் கீழிருந்து மேலாக ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். தம்பி சொன்னார்: “ஒரு கனெக்ஷன் வந்துச்சு, குவெரி ஒண்ணு குடுத்துச்சு, ரிப்போர்ட் வரியை அனுப்பும்போது வெளியிலேர்ந்து சேத்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுச்சு, அது நீளத்தை எண்ணச் சொல்லிச்சு, அங்க விழுந்துச்சு.” பேக்டிரேஸ் படிப்பது என்றால் இவ்வளவுதான். சி தெரிய வேண்டிய கட்டாயமில்லை.

யூடிஎஃப் என்பது பயனர் எழுதிச் சேர்க்கும் ஃபங்ஷன். எஸ்க்யூஎல் குவெரிக்குள் அழைக்க முடியும் என்றாலும், அது சி-யில் எழுதி மைஎஸ்க்யூஎல் புரோசஸுக்குள்ளேயே ஏற்றப்படுவது. அதில் ஒரு பிழை இருந்தால் அந்தக் குவெரி மட்டும் நிற்காது, மொத்த செர்வரும் விழும். இந்த நிறுவனத்துக்கு முன்பு வேலை செய்த யாரோ, தங்குநரின் மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) எண்ணின் நடு இலக்கங்களை மறைத்துக் காட்ட இப்படி ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அடுத்த கேள்வி, கையில் என்ன கொடுக்கப்பட்டது. ஃபிரேம் என்ற கட்டளையால் எஸ்டிஆர்லென் வரிக்குப் போய், ஃபங்ஷனுக்குக் கொடுத்த முதல் மதிப்பை ஏந்தும் ஆர்டிஐ ரெஜிஸ்டரை (பிராசசருக்குள் இருக்கும் ஒரு சிறு சேமிப்பிடம்) அச்சடிக்கச் சொன்னேன். பூஜ்யம். ஒன்றுமில்லாத முகவரி. நல் என்பது அதுதான். (முகவரி சரியாகப் பூஜ்யமாக இல்லாமல் 18, 40 என்று பூஜ்யத்தை ஒட்டிய சின்ன எண்ணாக இருந்தாலும் அதே கதைதான்: இல்லாத ஒரு பொருளின் உள்ளே சில பைட் தள்ளி எதையோ எடுக்கப் போயிருக்கிறது.)

அப்போது எல்லாம் சேர்ந்து வந்தது. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக, நல் ஆக இருந்தால், மைஎஸ்க்யூஎல் யூடிஎஃப்புக்கு நல் முகவரியைத்தான் கொடுக்கும். அதை முதலில் சோதிக்க வேண்டியது ஃபங்ஷன் எழுதியவரின் வேலை. நீளத்தையும் மைஎஸ்க்யூஎல்லே தனியாகக் கொடுக்கிறது, எஸ்டிஆர்லென்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. மைகார்ட் எண் எப்போது காலியாக இருக்கும்? வெளிநாட்டவர் தங்கும்போது. முன்பெல்லாம் கடப்பிதழ் எண்ணையும் அதே கட்டத்தில்தான் போட்டுவந்தார்களாம். ஒரு மாதத்துக்கு முன் முன்பதிவுப் படிவத்தை மாற்றி, கடப்பிதழுக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, வெளிநாட்டவர் ஒருவராவது தங்கிய நாளில் இரவு அறிக்கை செர்வரைக் கீழே தள்ளியது. வழக்கமாக உள்ளூர்க் குடும்பங்களே தங்கும் விடுதிகள் என்பதால் அது சில இரவு மட்டும் நடந்தது. தைப்பூச வாரத்தில் சிங்கப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வர, தினமும்.

இது ஊகமாகவே நின்றுவிடக்கூடாது. விழுந்த தேதிகளையும், மைகார்ட் கட்டம் காலியான முன்பதிவுகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று விடாமல் பொருந்தின. அன்றே அறிக்கைக் குவெரியில் காலியான இடத்தில் வெற்றுச் சொல்லைக் கொடுக்கும் ஐஎஃப்நல் ஒன்றைச் சேர்த்தோம். அந்த லைப்ரரியில் ஒரு வரிச் சோதனையைச் சேர்த்துத் திருத்தியது தைப்பூசம் கழிந்த பிறகு.

பேக்டிரேஸ் கைகாட்டாத நேரம்

எல்லா விபத்தும் இப்படி நேர்மையாக இருக்காது. ஓட்டு வீட்டில் மழைத்தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறு என்று இருக்குமே, அதைப் போல. ஒரு ஃபங்ஷன் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும், அப்போது ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபங்ஷன் அந்தக் கெட்டுப்போன இடத்தைப் படித்து விழும். பேக்டிரேஸில் இருப்பது இரண்டாவது ஆளின் பெயர். அதனால் ஒரே ஒரு கோரை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரண்டு மூன்று சேரட்டும். எல்லாவற்றிலும் ஒரே இடம் என்றால், அந்த இடத்தை நம்பலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடம், அதுவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்கள் என்றால், மெமரிக் கெடுதல் அல்லது மெமரிச் சில்லிலேயே கோளாறு என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் செர்வரை நிறுத்தி மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

விழுந்த த்ரெட்டை மட்டும் பார்ப்பதும் சில நேரம் போதாது. த்ரெட் அப்ளை ஆல் பிடி என்று அடித்தால் எல்லா த்ரெட்டின் சீட்டு அடுக்கும் வரும். 600 விநாடி காத்து விழுந்த கதைக்கு அதுதான் வழி: நாற்பது த்ரெட் ஒரே பூட்டுக்காக நிற்க, ஒன்று மட்டும் டிஸ்க்கில் எழுதக் காத்துக்கொண்டிருப்பது அப்போது கண்ணில் படும். டேட்டாபேஸ் உருவாக்குபவர்களிடம் பிழை அறிக்கை கொடுக்கும்போதும் இந்த முழு வெளியீட்டைத்தான் கேட்பார்கள். அதை ஓர் உரைக் கோப்பாக எடுத்து, சரியான வெர்ஷனோடும் லாக்கின் கடைசிப் பகுதியோடும் கொடுங்கள்.

கோர் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது மெமரியின் நகல். பஃபர் பூலை நீக்கினாலும், அந்தக் கணத்தில் ஓடிய குவெரிகள், அவற்றில் இருந்த பெயர்கள், தொலைபேசி எண்கள், மைகார்ட் எண்கள், சில நேரம் கடவுச்சொல்லும் உள்ளே இருக்கும். மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவை ஆணையருக்குத் தெரிவிப்பதும் கடமையாகிவிட்டது. எடுத்து அனுப்பும் பேக்டிரேஸ் உரையிலும் குவெரி வரிகள் இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துவிடுங்கள். கோர் விழும் அடைவை ரூட் மட்டும் திறக்கும்படி வையுங்கள், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். எங்களுடையதை நாங்கள் லைப்ரரியைத் திருத்திய அன்றே அழித்தோம்.

உங்கள் செர்வர் விழும் வரை காத்திருக்காமல், இன்றே மடிக்கணினியில் ஒரு தடவை செய்து பாருங்கள். ஒரு லினக்ஸ் ஷெல்லில் கோர் வரம்பை எல்லையில்லை என்று வைத்துவிட்டு, 100 விநாடி ஸ்லீப் கட்டளையைப் பின்னணியில் ஓடவிடுங்கள். அதன் புரோசஸ் எண்ணைப் பார்த்து, கில் கட்டளையால் 11ஆம் சிக்னலை அனுப்புங்கள். கோர்-பேட்டர்ன் எங்கே சொல்கிறதோ அங்கே கோப்பைத் தேடி, ஜிடிபியில் ஸ்லீப் நிரலோடு சேர்த்துத் திறந்து, பிடி என்று அடியுங்கள். மேலே கிளாக் நானோஸ்லீப் என்று ஒரு பெயர் வரும்: சிக்னல் வந்தபோது அது தூங்கிக்கொண்டிருந்தது. கீழே போகப் போகக் கேள்விக்குறிகள் வந்தால், அந்த நிரலுக்கு டிபக் சிம்பல் உங்களிடம் இல்லை. அதை நிறுவிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், கேள்விக்குறி இருந்த இடத்தில் பெயர்கள் வந்து நிற்கும்.